தோளைத் தொட்ட கை

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் ஒரு பெரிய வீடு. அதன் தாழ்வாரத்தில் சிறுவன் ஒருவன் கையில் பிரம்புடன் நடந்துகொண்டிருந்தான். வரிசையாக நின்ற மரக் கிராதிகளே அவனுடைய மாணவர்கள். அவற்றுள் சில நல்ல பிள்ளைகள். சில முரட்டுப் பிள்ளைகள். முரட்டுப் பிள்ளைகளுக்கு ஓயாமல் அடி விழுந்தது. அடிபட்டு அடிபட்டு அக்கட்டைகளின் தோற்றம் கெட்டது. அதைக் கண்டு ஆசிரியருக்குக் கோபம் இன்னும் கூடியது.

அந்தக் குட்டி ஆசிரியர்தாம் 1861ஆம் ஆண்டு பிறந்த இரவீந்திரநாத் தாகூர். பள்ளிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து அழுதவர் அவர். ஆனால், பள்ளியில் அவர் கண்டது வேறு. பாடத்தை ஒப்பிக்க இயலாத மாணவன் பலகையின்மேல் ஏறி, இரு கைகளையும் நீட்டி நிற்க வேண்டும். விரித்த உள்ளங்கைகளில் கற்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அங்கு என்ன பாடம் கற்றார் என்பது அவர் நினைவில் நிற்கவில்லை; ஆசிரியரின் சினம் மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. பாவம், அதற்குப் பலியானவை வீட்டுக் கிராதிகள்!

பிறகு சில பள்ளிகள் மாறினார். எதிலும் மனம் ஒட்டவில்லை. புனித சேவியர் பள்ளியில் தே பெனராண்டா என்னும் ஸ்பானியப் பாதிரியார் சில காலம் கற்பித்தார். அவருடைய ஆங்கில உச்சரிப்பு தெளிவாக இல்லாததால் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் எழுத்துப் பயிற்சி வேளை. தாகூரின் பேனா நகரவில்லை. எண்ணம் எங்கோ அலைந்தது. பின்னால் வந்து நின்ற பாதிரியார் குனிந்து, அவர் தோளில் மெல்லக் கை வைத்து, உடல்நலம் சரியில்லையா என்று அன்போடு கேட்டார். அவ்வளவுதான். ஐம்பது வயதளவில் தம் இளமை நினைவுகளை எழுதியபோதும் தாகூர் அந்தக் கையை மறக்கவில்லை.

பதினைந்து வயதுக்குள் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றுபோனது. ஆயினும், 1901ஆம் ஆண்டு டிசம்பரில் அவரே சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஐந்தே மாணவர்கள். பணமுடை வாட்டியது. அவருடைய துணைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்து உதவினார். வகுப்புகள் மரநிழலில் நடந்தன. ஒருமுறை, மாணவன் ஒருவன் மரக்கிளையில் உட்கார்ந்து படிப்பதைக் கண்டு, அங்கு வந்திருந்த ஓர் ஆசிரியர் முகம் சுளித்தார். நாற்காலியா கிளையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சிறுவயதில் மட்டும்தானே கிடைக்கும் என்பது தாகூரின் வாதம்.

அப்பள்ளி வளர்ந்து, 1921ஆம் ஆண்டு விசுவபாரதி ஆயிற்று. செலவும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டு, 66 வயதில், தாகூர் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தார். மலாயாவின் பல நகரங்களுக்கும் சென்று உரையாற்றி, தம் பிள்ளைகளின் பள்ளிக்காக நிதி திரட்டினார்.