காந்தியடிகளைப் படமாக்கிய தமிழர்

போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலையைத் தொலைவில் நின்று படம் பிடித்தால், பசுமை போர்த்த சாரலும் அதன்மேல் தவழும் முகிலுமே தோன்றும். படக்கருவியைச் செடியின் அடியிற் கொண்டுபோய் வைத்தாலோ, நிலத்தையொட்டிக் காய்த்த ஏலக்காயைக் குனிந்து பறிக்கும் பெண்களின் கைகள் தோன்றும். இரண்டும் மெய்யே, எனினும் ஒன்று காட்டுவதை மற்றொன்று காட்டுவதில்லை. ஆதலின், உண்மை நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆவணப்படம் ஆக்குவோரின் பொறுப்பு மிகப் பெரிது. அப்பொறுப்பைத் தம் இளமையிலேயே ஏற்றவர் ஏ. கே. செட்டியார்.

இவர் 1911ஆம் ஆண்டு செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்தார். கருப்பன் என்பது இவர்தம் பெயர். பர்மாவில் இதழாசிரியராகப் பணியாற்றிய பின்னர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் எழுந்தது. அன்று அடிகளின் பிறந்தநாள்.

எண்ணுதல் எளிது, முடித்தல் அரிது. அடிகளின் கடந்தகால வாழ்வைப் புதிதாகப் படம் பிடித்தல் இயலுமோ? முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் பற்பல நாடுகளில் எடுத்த படச்சுருள்களைத் தேடுவதே வழியாயிற்று. அதன்பொருட்டுச் செட்டியார் ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்து, 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார். அவற்றினின்றும் 12,000 அடியே படத்தில் இடம்பெற்றது. அஃதாவது, ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஓடக்கூடியது இரண்டேகால் மணி அளவிற் சுருங்கியது.

எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எதன்பின் எதை வைப்பது என்பவற்றால் ஒருவர் வடிவமே மாறிவிடும். காட்சியுடன் கேட்கும் உரையும் காண்போர் கருத்தைத் திருப்ப வல்லது. பேசாப்படக் காலத்துச் சுருளைப் பேசும்படத்தின் விரைவில் ஓட்டினால், அமைதியாக நடப்பவரும் ஓடுபவர்போல் நகைப்பிற்கு இடமாவார். குறை மனிதரிடம் இல்லை. பொறியின் ஓட்டத்திலேயே உளது. வெவ்வேறு கைகள் வெவ்வேறு நோக்குடன் எடுத்த துணுக்குகளை ஒரு வாழ்வாக இணைப்பதற்கு நேர்மையும் பொறுமையும் ஒருங்கே வேண்டும்.

படம் 1940ஆம் ஆண்டு தமிழ் உரையுடன் வெளிவந்தது. அஃது ஆங்கில அரசு நாட்டை ஆண்ட காலம், போர்க்காலமுமாகும். அரசின் சினத்திற்கு ஆளாகக்கூடிய அவ்வேளையிலும் செட்டியார் துணிவுடன் அப்பணியை முடித்தார். பின்னர் 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவமும் வெளியாயிற்று. 1943ஆம் ஆண்டு முதல் ‘குமரி மலர்’ இதழை நடத்திய இவர், பயண நூல்கள் பலவும் எழுதி, 1983ஆம் ஆண்டு மறைந்தார்.

திரையிற் காண்பது கண்ணாடியன்று. ஒருவர் தேர்ந்து கோத்த மாலையாகும். மலரைக் கண்டு மகிழ்வோர், கோத்த கையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கை தூயதாயின் காட்சியும் தூயதாகும் என்பதற்குச் செட்டியாரின் உழைப்பே சான்று.