129 வண்டுகளை நம்பிய மனுஷன்... ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிய சார்லஸ் ரைலியின் கதை!

சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். சின்ன வயசில் உள்ளங்கையில் ஏறவிட்டு, விரல் நுனிக்குப் போனதும் எப்போது பறக்கும் என்று காத்திருந்தோமே, அதேதான். அதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்று 1889-ல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழிவிலிருந்து மீட்டது. அந்த வேலைக்குத் திட்டம் போட்டவர் சார்லஸ் வாலன்டைன் ரைலி. பூச்சிகளை அச்சு அசலாக வரையும் ஓவியர், பத்திரிகைக்காரர், விஞ்ஞானி, கூடவே கொஞ்சம் தலைக்கனமும் உள்ள ஆள்!

ரைலி பிறந்தது 1843-ல், லண்டனில். பள்ளிப்படிப்பு பிரான்ஸிலும் ஜெர்மனியிலும். வரைவதில் கெட்டிக்காரன், ஓவியனாகத்தான் வருவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 17 வயதில் தனியாகக் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டார். உங்களில் பலர் பிளஸ் டூ முடித்துவிட்டு எந்த காலேஜ் என்று யோசிக்கும் வயது அது. இவர் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பண்ணையில் போய் மாடு மேய்ப்பதும் உழுவதுமாக இருந்தார்.

பண்ணை வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால், ஒரு விஷயம் அங்கேதான் அவருக்குப் புரிந்தது. ஒரு விவசாயி வருஷம் முழுக்கப் பாடுபட்டதை விரல் நகம் அளவு இருக்கும் ஒரு புழு பத்தே நாளில் தின்று தீர்த்துவிடும். அந்தப் புழு எங்கே முட்டை வைக்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. சிகாகோவுக்கு வந்து, 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையில் சேர்ந்தார். விவசாயிகள் அனுப்பும் பூச்சிகளைப் பார்த்துப் பதில் எழுதுவார், படமும் தானே வரைவார். நடுவில் உள்நாட்டுப் போருக்காகக் கொஞ்ச நாள் சிப்பாயாகவும் இருந்தார்.

1868-ல் மிசௌரி மாநிலம் அவரைத் தன் பூச்சியியல் அதிகாரியாக நியமித்தது. அப்போது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஒன்பது வருஷமும் வருஷத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அரசாங்க அறிக்கை என்றதும் கொட்டாவி விடாதீர்கள். எந்தப் பூச்சி எந்த இலையில் எப்படி வாழ்கிறது என்று அவரே வரைந்த படங்களோடு வந்தவை அவை. சார்லஸ் டார்வினோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் பெயர் வளர்ந்தது.

அந்தச் சமயத்தில் பிரான்ஸில் திராட்சைத் தோட்டங்கள் காய்ந்து கருகிக்கொண்டிருந்தன. கொடி நன்றாக இருப்பது போலவே தெரியும், பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். வேரில் ஒட்டி உறிஞ்சும் ஃபைலோக்ஸெரா என்ற பொடிப் பூச்சிதான் காரணம் என்று 1868-ல் பிளான்ஷோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் திராட்சை இலைகளில் கொப்புளம் உண்டாக்கும் பூச்சியும் இதுவும் ஒன்றேதான் என்று நிரூபித்ததில் ரைலிக்குப் பெரிய பங்கு உண்டு. 1871-ல் நேரிலேயே பிரான்ஸ் போய்ப் பார்த்துவந்தார்.

இதில்தான் சுவாரஸ்யம். அமெரிக்காவில் காலம் காலமாக அந்தப் பூச்சியோடு சேர்ந்தே வளர்ந்த காட்டுத் திராட்சை வகைகளின் வேர், அதன் கடியைத் தாங்கிக்கொள்ளும். அப்படியானால் வேர் அமெரிக்காவுடையதாக இருக்கட்டும், மேலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டுங்கள் என்பதுதான் யோசனை. ரைலி உட்படப் பலர் அதற்காக வாதாடினார்கள். மிசௌரியிலிருந்து கப்பல் கப்பலாகத் தண்டுகள் போயின. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சைகள் இப்படி ஒட்டுக் கட்டிய வேரில்தான் நிற்கின்றன. பிரெஞ்சு அரசு ரைலிக்குப் பதக்கமும் விருதும் கொடுத்தது.

1873-ல் அவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். ஃபைலோக்ஸெராவைத் தின்னும் ஒரு சிலந்திப்பேனைப் பிரான்ஸுக்கு அனுப்பினார். அது அங்கே பிழைத்துக்கொண்டது, ஆனால் பூச்சியைக் கட்டுப்படுத்தவில்லை. ஃபெயிலியர்தான். என்றாலும், ஒரு நாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு அதே நாட்டிலிருந்து எதிரியைக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

இடையில் வெட்டுக்கிளி. 1870-களில் ராக்கி மலைப் பக்கமிருந்து கிளம்பிய கூட்டம், வானத்தை மறைத்துக்கொண்டு வந்து இறங்கியது. பயிர் தீர்ந்ததும் கொடியில் காயப்போட்ட துணியைக்கூட அரித்தது. ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அதையே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று ரைலி சொன்னார். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. 1875-ல் மிசௌரியின் வாரன்ஸ்பர்க் ஊரில் வெட்டுக்கிளி சூப், வறுவல் என்று ஒரு விருந்தே வைத்தார். ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

பிறகு வாஷிங்டன். அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் பதவி. மேலதிகாரியோடு சண்டை போட்டு ஒரு தடவை வெளியேறி, 1881-ல் மறுபடி வந்து உட்கார்ந்தார். மனுஷனுக்கு யாரோடும் எளிதில் ஒத்துப்போகாது.

இப்போது கலிஃபோர்னியாவுக்கு வருவோம். 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடிகளோடு ஒரு செதில் பூச்சி வந்து சேர்ந்திருந்தது. முதுகில் வெள்ளைப் பஞ்சு மூட்டை மாதிரி முட்டைப் பை. அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. இந்தப் பூச்சிக்கு ஜோடிகூடத் தேவையில்லை, தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும்! 1880-களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மரங்கள் பனி பெய்தது போல வெளுத்து நின்றன. மண்ணெண்ணெய்க் கரைசல் தெளித்தார்கள், மரத்தைக் கூடாரத்தால் மூடி விஷப்புகை போட்டார்கள். கடைசியில் மரத்தையே வெட்டி எரித்தார்கள். நிலத்தின் விலை சரிந்தது.

ரைலி மருந்துக்கு எதிரி இல்லை. ஆர்சனிக் கலந்த 'பாரிஸ் பச்சை'யைச் சிபாரிசு செய்தவர்தான். ஆனால் இந்தப் பூச்சி தன் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவில் ஏன் இவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை? அங்கே அதற்கு எதிரி இருக்க வேண்டும். போய்ப் பிடித்துவர ஆள் அனுப்பலாம் என்றால், வேளாண் துறை ஊழியர்கள் வெளிநாடு போக நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. 1888-ல் மெல்பர்னில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்குப் போகும் வெளியுறவுத் துறைக் குழுவின் கணக்கில் தன் ஆள் ஆல்பர்ட் கோபலேயை ஏற்றி அனுப்பிவிட்டார் ரைலி. ஆபீஸ் அரசியலில் இதைவிட உருப்படியான ஒரு குறுக்குவழியை நான் கேள்விப்பட்டதில்லை.

கோபலே முக்கியமாகத் தேடிப் போனது ஓர் ஒட்டுண்ணி ஈயை. ரைலியின் நம்பிக்கையும் அதன் மேல்தான் இருந்தது. அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், அந்த வெள்ளைப் பூச்சியை மேய்ந்துகொண்டிருந்த வேடாலியா என்ற சிவப்புப் பொறிவண்டு தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஈயோடு சேர்த்து அதையும் அனுப்பிவைத்தார். 1889 ஜனவரி வரை மூன்று தவணையாக லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தவை 129 வண்டுகள். ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணிக் கூடாரத்தால் மூடி உள்ளே விட்டார்கள். வண்டு தன் முட்டையைச் செதில் பூச்சியின் மேலேயே வைக்கும். பொரித்து வரும் புழுவுக்குச் சாப்பாடு வீட்டு வாசலில். சாதகமான காலத்தில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை ரெடி.

ஏப்ரலில் கூடாரத்தைத் திறந்தபோது அந்த மரம் சுத்தமாகியிருந்தது. ஜூனுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுகள் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டன. அடுத்த தோட்டத்துக்குத் தர, டப்பாவில் கிளையோடு வாங்கிப்போனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் ஆபத்து விலகிவிட்டது. உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு என்று இன்று வேளாண் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அதன் முதல் பாடம் பெரும்பாலும் இந்த வண்டுதான்.

பாராட்டு யாருக்கு? அதில்தான் சண்டை. கலிஃபோர்னியாக்காரர்கள் கோபலேயைக் கொண்டாடினார்கள். அவருக்குத் தங்கக் கடிகாரம், மனைவிக்கு வைரத் தோடு. திட்டம் போட்ட ரைலிக்கு ஒன்றுமில்லை. அவருக்கு உள்ளே எரிந்தது. யோசனை, பணம், ஏற்பாடு எல்லாம் ரைலியுடையது. ஆனால் வெயிலில் செடி செடியாகத் தேடியது கோபலே. என்னைக் கேட்டால், இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் வண்டு வந்திருக்காது.

1894-ல் ரைலி பதவியை விட்டு விலகினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளை முன்பே அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1895 செப்டம்பர் 14. மகனோடு சைக்கிளில் வேகமாக இறக்கத்தில் போனபோது, வண்டியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு கருங்கல்லில் சக்கரம் மோதியது. தலையில் அடி. அன்றே இறந்துபோனார். இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் 52 வயது.

வண்டின் கதை அவரோடு முடியவில்லை. 1940-களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் டி.டி.டி. அடித்தார்கள். அது வேடாலியாவைக் கொன்றது, வெள்ளைப் பூச்சி மறுபடி மரம் முழுக்கப் பரவியது. திரும்ப வண்டைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

நம்ம ஊருக்கும் அந்த வண்டு வந்திருக்கிறது தெரியுமா? 1928-ல் நீலகிரியின் வாட்டில் மரங்களில் அதே செதில் பூச்சி தென்பட்டது. அடுத்த சில வருஷங்களில் வேடாலியாவை இறக்குமதி செய்து மலையில் விட்டார்கள். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் ஒரு கை பார்த்தபோதும் இதே வழிதான். மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி அது. அதனால், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரிகளான பொடிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூலம் தோட்டம் தோட்டமாக விட்டார்கள். ஈரோடு, சேலம் பக்கம் உங்களுக்கு மரவள்ளி போடும் சொந்தக்காரர் இருந்தால், அந்த வெள்ளைப் பூச்சி வந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.