பிலிப்பஸ் பால்டேயஸ்

பிலிப்பஸ் பால்டேயஸ் (1632 – 1671) ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்க காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சீர்திருத்தத் திருச்சபை மதகுரு ஆவார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி இவர் எழுதிய நூலும் அதிலுள்ள செப்புத்தகட்டுப் படங்களும் அக்கால வரலாற்றுக்கு முக்கியமான சான்றுகளாகும்.

வாழ்க்கை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்த இவர் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். இறையியல் கற்ற பின்னர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குருவாகக் கீழைநாடுகளுக்கு வந்தார். 1658 இல் ரைக்லொப் வான் கூன்சின் படையுடன் சென்றார். தூத்துக்குடி, மன்னார் ஆகிய இடங்களை அடுத்து, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் அவ்வாண்டு சூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் வசமானது. பால்டேயஸ் 1665 வரை அங்கு தங்கி, கத்தோலிக்கரிடமிருந்து கைப்பற்றப்பட்ட தேவாலயங்களையும் அவற்றோடு இணைந்த பள்ளிகளையும் தம் சபைக்கேற்ப ஒழுங்குபடுத்தினார். பருத்தித்துறையில் ஒரு புளியமரத்தின் கீழ் இவர் போதித்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு. 1666 இல் தாயகம் திரும்பி, கேர்வ்லீட் என்னும் ஊரில் குருவாக இருந்து 1671 இல் காலமானார்.

நூலும் கோட்டைப் படமும்

இவரது நூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. பரோக் காலத்துக் கோட்டைப் படங்கள் வெறும் இடக் காட்சிகள் அல்ல. கொடி உடைமையையும், கப்பல்கள் கடலாதிக்கத்தையும், வானிலிருந்து நோக்குவது போன்ற பார்வை ஆள்வோரின் கண்ணையும் குறிப்பது அக்கால மரபு. இந்நூலின் யாழ்ப்பாணக் காட்சியையும் அம்மரபைக் கொண்டே படிக்க வேண்டும். அது ஒல்லாந்தரின் வெற்றியை வாசகருக்குக் காட்டுகிறது. ஆனால் காட்டப்படும் கோட்டையோ போர்த்துக்கீசர் கட்டிய நாற்கோணக் கோட்டை. 1680 அளவில் ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டியதால், வெற்றியைப் பறைசாற்ற வந்த படமே தோற்றவரின் கோட்டைக்குச் சான்றாகிவிட்டது. நல்லூர்க் கோயிலின் கற்கள் அக்கோட்டைக்குப் பயன்பட்டதாகக் கூறப்படுவதைப் படம் சொல்வதில்லை.

தீவுகளின் பெயர்களும் இத்தகைய உடைமைக் குறிகளே. ஒல்லாந்தர் காரைதீவை ஆம்ஸ்டர்டாம் என்றும், வேலணையை லைடன் என்றும் அழைத்தனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்னும் பெயர் பால்டேயசின் பிறந்த ஊரின் பெயராகும். அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

இந்து சமயம் பற்றிய பகுதி பெரிதும் இயேசு சபைக் குருவான பெனீசியோவின் கையெழுத்துப் படியைத் தழுவியது என 20 ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் நிறுவினர். எனவே அதனை நேரடிச் சான்றாகக் கொள்வதில் கவனம் தேவை. தேவாலயங்களையும் பள்ளிகளையும் பற்றிய பகுதிகளுக்கு இக்குறை பொருந்தாது. அவை இவரே கண்டவை. தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் ஐரோப்பிய வாசகருக்கு அச்சில் அறிமுகப்படுத்திய தொடக்ககால நூல்களுள் இதுவும் ஒன்று. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வெளியானது.