கட்டு பிரிக்கும் கையே எமன் ஆன காலம்... அதை மாற்றிய ஜோசப் லிஸ்டர் யார்?

1860-களில் ஆபரேஷனில் பிழைத்தவர்கள்கூட, அதற்குப் பிறகு வார்டில் இறந்துபோனார்கள். காயம் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும், அவ்வளவுதான். கெட்ட காற்றுதான் காரணம் என்று டாக்டர்கள் பலர் நம்பினார்கள். ஆனால் ஒருவரின் சீழைத் துடைத்த அதே கை, அதே ஸ்பாஞ்ச், கழுவாமலே அடுத்தவரின் காயத்துக்குப் போனது!

1827-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஜோசப் லிஸ்டர். மைக்ராஸ்கோப்பை மேம்படுத்திய அப்பாவின் மகன் என்பதால், கண்ணுக்குத் தெரியாத உலகம் அவருக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது, பொருட்கள் அழுகக் கிருமிகளே காரணம் என்ற லூயி பாஸ்டரின் ஆய்வைப் படித்தார். அப்படியென்றால் காயத்திலும் அதுதானே நடக்கும்?

1865 ஆகஸ்ட் 12. வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்த 11 வயது சிறுவன் வந்தான். தோல் கிழிந்த இத்தகைய முறிவு என்றால், காலையே எடுப்பதுதான் அன்று வழக்கம். லிஸ்டரோ, சாக்கடை நாற்றம் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துக் கட்டினார். நான்கு நாள் கழித்துப் பிரித்தால், சீழே இல்லை! அமிலம் பட்ட தோல் மட்டும் சிவந்திருந்தது. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

அதன்பின் கை, கருவி, கட்டுத்துணி என காயத்தைத் தொடும் எல்லாவற்றையும் அமிலத்தால் சுத்தப்படுத்தினார். முன்பு அவரிடம் கை, கால் நீக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். புதிய முறையில் 40 பேரில் 6 பேர்தான். கேலி செய்தவர்களும் மெல்ல மெல்ல மாறினார்கள். 1912-ல் லிஸ்டர் மறைந்தார்.

இன்று வீட்டில் கட்டு மாற்றும்போதும் அதே பாடம்தான். முதலில் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிடித்து இழுக்காமல், சலைனால் நனைத்து எடுக்க வேண்டும். பழைய கட்டை அகற்றியதும் மறுபடி கை கழுவ வேண்டும். புதிய துணியில் காயத்தின் மேல் படும் பக்கத்தைத் தொடவே கூடாது. காரமான கிருமிநாசினியை டாக்டர் சொல்லாமல் ஊற்றினால், ஆறும் தசையும் வெந்துவிடும். சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.