சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சட்டம் கற்ற வரலாறு

திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலுள்ள பாடசாலைகளிற் கற்பிக்கும் சைவ இளைஞர் சிலர், பகலில் வகுப்பு நடாத்தி, இரவிற் சட்டக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்கேனும், திறந்த பல்கலைக்கழகத்துச் சட்டமாணிக் கற்கைக்குரிய தெரிவுப் பரீட்சைக்கேனும் படித்து வருதலை யாம் அறிவோம். அவருட் சிலர் இரண்டொரு முறை முயன்று தளர்ந்து, வயசு கடந்துவிட்டது, மாதச் சம்பளத்துக்குக் கட்டுண்டவனுக்கு இது கைகூடாது என்று சொல்லி நூலை மூடிவிடுவர். வேறு சிலர், ஆசிரியத் தொழிலை விட்டு வழக்குத் தொழிலை நாடுதல் சைவத்துக்கும் தமிழுக்கும் செய்யுந் துரோகமாகுமோ என்று ஐயுறுவர். இவ்விரு சாராரையும் நினைந்தே சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தாம். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய பெரியாராக அவர்களை எல்லாரும் அறிவர். உத்தியோகத்திலிருந்துகொண்டே அவர்கள் சட்டம் கற்ற வரலாற்றை நினைப்பவர் மிகச் சிலரே.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 12ஆந் தேதி யாழ்ப்பாணத்துப் புத்தூரையடுத்த சிறுப்பிட்டியிற் பிறந்தார்கள். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவியம்மையார். தமிழைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தும், ஆங்கிலத்தைத் தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், உயர்கல்வியை வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்றார்கள். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி வேண்டினார்க்குப் பாதிரிமார் வாயிலன்றி வேறு வாயில் இல்லை. அவ்வாயிலாற் புகுந்தோர் பலர் புறச்சமயத்தராகவே வெளிப்போந்தனர். பிள்ளையவர்களும் அச்சூழலிலே வளர்ந்தவர்களே. பின்னர்ச் சைவ நெறியிலே உறுதிகொண்டு நின்று, சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினார்கள்.

செமினரிக் கல்வி முடிந்தபின் 1852இற் கோப்பாய்ப் போதனாவித்தியாசாலையில் உபாத்தியாயராக அமர்ந்தார்கள். ஆகவே அவர்கள் நம் ஆசிரியர் குலத்தவரே என்பது கருதத்தக்கது. சம்பளம் சிறிது, வேலை பெரிது. அந்நிலையிலும் 1854இல் நீதிநெறிவிளக்கத்தை உரையோடு அச்சிட்டார்கள். இதனையறிந்த பார்சிவல் பாதிரியார், சென்னையிலே தாம் நடாத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியத்துவத்துக்கு அவர்களை அழைத்தார். நல்லூர் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கினவரும் இப்பார்சிவலே. சைவருடைய தமிழறிவைப் பாதிரிமார் இவ்வாறு பயன்கொண்ட செய்தி தனியே எழுதத்தக்கது.

1857இற் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அவ்வாண்டே அது நடாத்திய பிரவேச பரீட்சையிற் பிள்ளையவர்கள் தேறினார்கள். அடுத்த சில மாதங்களுள் முதன்முறையாக நடந்த பி. ஏ. பரீட்சையில் இருவரே தேறினர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் வட்டுக்கோட்டையிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளையவர்கள். சென்னை இராசதானி முழுவதற்கும் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவராயினமை நாம் மகிழ்ந்து சொல்லும் செய்தி. ஆயின், அப்பரீட்சைக்குப் பிள்ளையவர்கள் ஓய்ந்திருந்து படித்தவர்களல்லர். பத்திரிகை வேலையைச் செய்துகொண்டே படித்தவர்கள் என்பதை அம்மகிழ்ச்சியில் மறந்துவிடுகின்றோம்.

பட்டம் பெற்றபின் சென்னை இராசதானிக் கல்லூரியிலும், கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிலும் கற்பித்து, பின்னர்ச் சென்னை அரசாங்க வரவு செலவுக் கணக்குச்சாலையில் உத்தியோகம் ஏற்று, படிப்படியாக மேலேறினார்கள். கணக்குச்சாலை வேலை எத்தகையதென்பதை நமது கச்சேரியிலேனும் துறைமுகக் காரியாலயத்திலேனும் எழுதுவினைஞராய் இருந்தோர் அறிவர். எண்ணெண்ணாகப் பார்த்துக் கூட்டிக் கழித்து, ஒரு சதம் பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாலையில் வீடு சேரும்போது கண்ணும் கருத்தும் ஒருங்கே சோர்ந்திருக்கும். அத்தொழிலோடு அவர்கள் சட்டக் கல்வியையும் மேற்கொண்டார்கள்.

அக்காலத்துச் சட்டக் கல்வியின் நிலையையும் சிறிது சொல்லுதல் வேண்டும். சென்னைச் சட்டக் கல்லூரி 1891இலேதான் தனியே தோன்றியது. அதற்கு முன்னர்ச் சட்ட வகுப்பு இராசதானிக் கல்லூரியோடு சேர்ந்தே நடந்தது. பி. எல். பரீட்சைக்குரிய பொருளோ, ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தது. சிவில் வழக்கு நடைமுறைச் சட்டம் 1859இலும், தண்டனைச் சட்டக்கோவை 1860இலும், குற்றவழக்கு நடைமுறைச் சட்டம் 1861இலும் பிறந்தன. 1862இல் பழைய சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் நீங்கி உயர்நீதிமன்றம் எழுந்தது. நேற்றுக் கற்ற விதி இன்று வழக்கிழந்து நிற்கும். புதிய விதிக்கோ நல்ல உரைநூல் இராது. உத்தியோகமில்லாத மாணாக்கர்க்கே இது வருத்தமாயின், கணக்குச்சாலை உத்தியோகத்தர்க்கு எத்துணை வருத்தமாயிருந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் தாமே உணர்வர்.

பிள்ளையவர்கள் 1871இலே பி. எல். பரீட்சையிற் தேறினார்கள். அப்போது அவர்களுக்கு வயசு முப்பத்தொன்பது நிரம்பும் பருவம், பி. ஏ. பட்டம் பெற்று ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இராசதானியின் முதற் பட்டதாரிக்கு அடுத்த பட்டம் பெறுதற்கு இத்துணைக் காலம் ஏன் சென்றதென்று வினவுவார்க்கு விடை எளிது. இடையிலே உத்தியோகமும் குடும்பமும் இருந்தன. அவற்றோடு தமிழும் இருந்தது. 1868இலே ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை வெளியிட்டவர்கள் பிள்ளையவர்களே. இதனை விடுத்துச் சட்ட நூலையே பயின்றிருப்பின் ஐந்தாறு ஆண்டு முன்னரே பி. எல். தேறியிருப்பார்கள் என்று கூறுவோர் கூறுக. யாம் அவ்வாறு கருதவில்லை. இரண்டு காரியத்தை ஒருங்கே சுமப்பவன் மெல்ல நடத்தல் குற்றமாகாது.

அக்காலத்தில் இவ்வாறு கற்றவர் பிள்ளையவர்கள் ஒருவரேயல்லர். சென்னை உயர்நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக விளங்கிய திருவாரூர் முத்துசாமி ஐயரவர்களும், மஜிஸ்திரேட்டாக உத்தியோகம் பார்த்துக்கொண்டே பி. எல். பட்டம் பெற்றவர்கள். பிறர் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தவர் தாமும் மாணாக்கராய்ப் பரீட்சை எழுதினார் என்றால், முப்பது வயசு உபாத்தியாயர் நாணுதற்கு என்ன இருக்கின்றது?

பரீட்சை தேறியவுடன் பிள்ளையவர்கள் வேலையைத் துறந்து நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. நமது இளைஞர் பலர் இவ்விடத்திலேதான் இடறுகின்றனர். பட்டம் கையில் வந்த மறுநாளே சட்டத்தரணியாகப் பொருள் திரட்டலாமென்று கனவு கண்டு, உள்ள சம்பளத்தையும் இழந்து, கடனுள் ஆழ்ந்தாரும் உளர். பிள்ளையவர்களோ பின்னும் பதினோராண்டு கணக்குச்சாலையிலேயே இருந்து, 1882இல் தமது ஐம்பதாம் வயசில் ஓய்வுபெற்றார்கள். அதற்கு முன்னரே 1881இல் வீரசோழியத்தை வெளியிட்டார்கள். பிறந்த நாட்டையும் மறந்தார்களல்லர். ஏழாலையிலே சைவப் பிள்ளைகள் கற்றற்கு ஒரு வித்தியாசாலையை நிறுவினார்கள். அங்கே சுன்னாகம் குமாரசுவாமிப்புலவர் ஆசிரியராயிருந்து கற்பித்தார்.

ஓய்வுபெற்றபின்னரே கும்பகோணத்தில் நியாயவாதியாக அமர்ந்து வழக்குரைத்தார்கள். இடையே 1872இல் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் வந்துவிட்டமையின், முன்பு கற்றவற்றுட் பலவற்றை மீட்டும் கற்க வேண்டியிருந்திருக்கும். சாட்சியச் சட்டத்திலே ஒரு விதி: ஒரு பத்திரத்தை மெய்ப்பிக்க வேண்டின் மூலத்தையே முன்வைத்தல் வேண்டும், மூலம் கிடையாதபோதே பிரதியை ஏற்கலாம், அதற்கும் நிபந்தனை உண்டு. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்குவார்க்கும் இதுவே முறை. எவ்வேடு மூலத்துக்கு அணித்து, எவ்வேடு பிரதியின் பிரதி, எவ்விடத்தில் எழுதுவோன் கை பிழைத்தது என்று ஆராய்ந்தே பாடம் துணிதல் வேண்டும். பிள்ளையவர்களின் பதிப்புத் திறத்துக்குச் சட்டக் கல்வி துணைசெய்ததோ, பதிப்புப் பயிற்சி சட்டத்துக்குத் துணைசெய்ததோ என்று எம்மிற் சிலர் வாதிடுவதுண்டு. இரண்டும் ஒன்றற்கொன்று துணையாயின என்பதே எமது கருத்து.

கும்பகோணத்து வாழ்க்கையில் வந்த வருவாய் எங்கே சென்றதென்பதை அவர்களின் பதிப்பு வரிசையே காட்டும். இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883இல் வந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியருரையோடு 1885இல் வந்தது. கலித்தொகை 1887இல் வந்தது. இந்நூல்களை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலர். ஏடு தேடும் செலவும், எழுத்தர் கூலியும், அச்சுக்கூலியும் முன்னே கொடுக்க வேண்டியவை. வழக்குத் தொழில் தமிழுக்குத் துரோகமாகுமோ என்று ஐயுறும் ஆசிரியர், வழக்கிற் பெற்ற பணம் பொருளதிகாரமாகவும் கலித்தொகையாகவும் மாறிய இவ்வரலாற்றைச் சிந்திப்பாராக. அந்நகரிலே கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற காலத்தில், அந்நூலைத் தாம் பதிப்பிக்கும் விருப்பத்தோடு பிள்ளையவர்கள் அணுகியதும், ஐயரவர்கள் கொடாது தாமே வெளியிட்டதும் யாவரும் அறிந்தவை. இதுகொண்டு இருவரையும் பகைவராகப் பேசுவாருமுளர். அழியும் ஏட்டைக் காக்க இருவர் முந்தினர் என்பதன்றி அதிற் பிறிதொன்றையும் யாம் காணேம்.

1887இற் புதுக்கோட்டைச் சமஸ்தானம் அவர்களை நியாயாதிபதியாக நியமித்தது. பகலில் நியாயாசனமும் இரவில் ஏட்டுச்சுவடியுமாக அங்கிருந்த காலத்திலேதான், 1889இல், சூளாமணியும் இலக்கணவிளக்கமும் அச்சேறின. 1890இல் அப்பதவியினின்று நீங்கிச் சென்னைக்கு மீண்டார்கள். 1891இல் எழுத்ததிகார நச்சினார்க்கினியமும், அடுத்த ஆண்டிலே சொல்லதிகார நச்சினார்க்கினியமும் வெளிவந்தன. 1895இல் அரசாங்கத்தார் இராவ்பகதூர்ப் பட்டம் வழங்கினர்.

யாழ்ப்பாணத்தவர் சரித்திரத்தைத் திருக்கோணமலையார்க்கு ஏன் சொல்லுகின்றீர் என்று கேட்பார்க்கும் ஒன்று சொல்வாம். பிள்ளையவர்கள் திறந்த வழியிலே நமது ஊராரும் சென்றனர். கோணேசர் திருநகரிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையவர்களும், அவர் தம்பியார் தி. த. சரவணமுத்துப்பிள்ளையவர்களும் கடல்கடந்து சென்னையில் வாழ்ந்து, உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழ்ப்பணி புரிந்தவர்கள். இளையவர் 1895இல் இயற்றிய மோகனாங்கி, தமிழின் முதற் சரித்திர நவீனமெனப் பேசப்படுவது. இவ்விருவர் பெயரையும் துறைமுகப் பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர் என்பதை ஆசிரியர்களே வகுப்பிற் கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளையவர்கள் இறுதிக்காலத்தில் எட்டுத்தொகையுள் அகநானூற்றைப் பதிப்பிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். உடல் தளர்ந்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதற்றேதி சென்னைப் புரசைவாக்கத்தில் சிவபதமடைந்தார்கள். அகநானூறு அவர்கள் கையால் முற்றுப்பெறவில்லை. பின்னர்ப் பிறர் முயற்சியால் அச்சேறிற்று.