ரைஸ் மில் புகையை யார் தட்டிக் கேட்பது? 1939-லேயே சட்டம் தந்த டெல்டா டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன்: யார் இவர்?

நெல் அவிக்கிற ரைஸ் மில் பக்கத்தில் வீடு இருந்தால் சில விஷயங்கள் பழகிப்போய்விடும். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கறுப்புப் புள்ளிகள் விழும், கண்ணில் உமிச் சாம்பல் உறுத்தும், குழந்தைக்கு இருமல் நிற்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? நகராட்சியா, மாசுக்கட்டுப்பாட்டு வாரியமா, போலீஸா? டெல்டாவில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

இந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி 85 வருடங்களுக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் 1939-ம் ஆண்டு சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம். அது நிறைவேறியபோது சுகாதார அமைச்சராக இருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன். வேதாரண்யம் உப்பு யாத்திரையைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் நாம் சுவாசிக்கிற காற்றுக்கும் அவருக்கும் இருக்கும் தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கூன், லண்டன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தில் 1880-ல் பிறந்தார் ராஜன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளியில் மருத்துவம் பயின்றார். பிழைப்புக்காகப் பர்மா போனார். அந்தக் காலத்தில் படித்த தமிழ் இளைஞர்கள் பலரும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள், அவர்களில் இவரும் ஒருவர்.

அடுத்து லண்டனில் மேல்படிப்பு. அன்றைய லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிய நகரம். புகையும் மூடுபனியும் கலந்ததைக் குறிக்கும் ‘ஸ்மாக்’ என்ற சொல்லே 1905-ல்தான் அங்கே புழக்கத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் 1875-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம், கரும்புகை கக்கும் புகைபோக்கிகளைத் தொல்லை என்று வகைப்படுத்தியிருந்தது. நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்திருந்தது.

லண்டனில் ராஜனுக்குக் கிடைத்தது மருத்துவப் பட்டம் மட்டுமில்லை. வ.வே.சு.ஐயர், சாவர்க்கர் போன்றவர்கள் கூடிய இந்தியா ஹவுஸ் வட்டத்தின் பழக்கமும் கிடைத்தது. 1909 அக்டோபரில் அங்கிருந்த இந்திய மாணவர்கள் விஜயதசமி விருந்து ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். சமையல் பொறுப்பில் ராஜனும் இருந்தார். ஒல்லியான ஒருவர் வந்து, பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி நறுக்குவதிலும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்த காந்தி என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் சொல்லி வைத்தவர் ராஜன்தான்.

மருந்துப் பெட்டியிலிருந்து உப்பு வரை

ஊர் திரும்பிய ராஜன் திருச்சியில் பெயர் பெற்ற டாக்டரானார். 1919-ல் ரௌலட் சட்ட எதிர்ப்பு நாடெங்கும் பரவியபோது ராஜாஜியோடு சேர்ந்து காங்கிரஸ் வேலைகளில் இறங்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழில், போராட்டம், சிறை என்று வாழ்க்கை மாறிப்போனது.

1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சி கன்டோன்மென்ட்டில் இருந்த ராஜனின் வீட்டிலிருந்துதான். ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் சுமார் 150 மைல் நடந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவின் நெல்வயல்களுக்கு நடுவே போன பாதை அது. தொண்டர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். அதையும் மீறி ஜனங்கள் சாப்பாடு கொடுத்தார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். ராஜனுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

வெளியே வந்த பிறகு தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத்தின் தலைவரானார். 1934-ல் தஞ்சாவூர்–திருச்சி தொகுதியிலிருந்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார்.

டெல்டாவில் அப்போது என்ன பிரச்சினை?

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். ராஜன் பொதுச் சுகாதாரம், அறநிலையத் துறை அமைச்சர்.

அவர் பொறுப்பேற்ற சமயத்தில் டெல்டாவின் ஒரு மூலை காய்ச்சலில் தவித்துக்கொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாகப் பாசனம் வந்தது. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் குழுவினர் பட்டுக்கோட்டைக்கே வந்து இதை ஆய்வு செய்தார்கள்.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகள் நம்பியது. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. தப்பான காரணத்தை வைத்துக்கொண்டு நோயைத் தடுக்க முடியாது, கவனித்து, அளந்து, காரணத்தைப் பிடிக்கணும். அதைச் செய்ய ஊருக்கு ஊர் பொறுப்பான அதிகாரி வேண்டும், பணம் வேண்டும், அதிகாரமும் வேண்டும். 1939 சட்டம் தர முயன்றது இந்த மூன்றையும்தான்.

சட்டத்தில் என்ன இருந்தது?

பொதுச் சுகாதாரத்துக்கென ஒரு முழுமையான சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம் என்று சொல்வார்கள். அதன் முக்கிய அம்சங்களை எளிமையாகப் பார்ப்போம்.

முதலாவது, அதிகாரி. உள்ளாட்சிகளில் சுகாதார அலுவலரின் இடத்தையும் அதிகாரத்தையும் சட்டம் வரையறுத்தது. இன்று மாநகர் நல அலுவலர் என்று நாம் சொல்வது இந்த வரிசையில் வரும் பதவிதான்.

இரண்டாவது, பணம். நகராட்சிகள் தங்கள் சொந்த வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது சட்டம்.

மூன்றாவது, தொல்லை என்பதற்கான பட்டியல். தேங்கிய சாக்கடை, கொசு வளரும் குட்டை ஆகியவற்றோடு புகையும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. தன் புகையை முடிந்தவரை தானே எரித்துத் தீர்க்காத ஆலை உலையும், தொல்லை தரும் அளவுக்குப் புகை கக்கும் புகைபோக்கியும் பொதுச் சுகாதாரத் தொல்லை. வீட்டு அடுப்புப் புகைபோக்கிக்கு விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் தகவல் கொடுக்கலாம். அதிகாரி நேரில் பார்த்து, தொல்லையை நீக்கச் சொல்லி நோட்டீஸ் தரலாம்.

அதே 1939-ல் ராஜன் கையாண்ட இன்னொரு பெரிய விஷயம் ஆலயப் பிரவேசம். ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதில் பங்கேற்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் சட்டம் வந்தபோது அறநிலையத் துறை அமைச்சர் இவர்தான். தஞ்சைப் பெரிய கோயிலும் அந்த வருடம்தான் எல்லோருக்கும் திறந்தது.

ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்திப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவைக் கேட்காமலே பிரிட்டன் சேர்த்ததை எதிர்த்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. ராஜனும் பதவி விலகினார். பிறகு நினைவு அலைகள் என்ற தலைப்பில் சுயசரிதை எழுதினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் மறுபடி அமைச்சரானார். 1953-ல் காலமானார்.

அவர் படித்த லண்டனை 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கொடும்புகை மூடியது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. புகைபோக்கி பற்றிய சட்டம் 1875-லிருந்தே அங்கே இருந்தும் இந்தக் கதி. வீட்டு அடுப்புப் புகையை அந்தச் சட்டம் தொடவே இல்லை. 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டம்தான் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது.

1939 சட்டத்தில் இல்லாதது எது?

அளவுகோல். எவ்வளவு புகை என்றால் தொல்லை என்பதற்கு எண் எதுவும் கிடையாது. அதிகாரியின் கண்ணும் மூக்கும்தான் கருவி. கண்ணுக்குத் தெரியும் கரும்புகைக்கு அது போதும். ஆனால் நுரையீரலின் ஆழம் வரை போகும் பி.எம்.2.5 நுண்துகள் கண்ணுக்குத் தெரியாதே!

அந்த ஓட்டையை அடைக்க வந்தது மத்திய அரசின் 1981 காற்றுச் சட்டம். அடுத்த வருடமே தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. இப்போதைய தேசிய தரத்தின்படி ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம்.2.5 ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, பி.எம்.10 என்றால் 60. உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன அளவு இதைவிட மிகக் கடுமையானது: பி.எம்.2.5-க்கு வெறும் 5.

தேசியத் திட்டத்தின் கீழ் இயங்கும் சாதாரணக் கண்காணிப்பு நிலையங்களில் வாரத்துக்கு 2 நாள், வருடத்துக்கு 104 நாள் மாதிரி எடுப்பார்கள். திருச்சியில் காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட் போன்ற இடங்களில் இப்படி அளக்கிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் இடம்பெற்றுள்ளன. 2014-ல் மாநகராட்சியான தஞ்சாவூரும், 2021-ல் மாநகராட்சியான கும்பகோணமும் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படின்னா தஞ்சாவூரில் காற்று சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமா? அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு டன் நெல்லை அரைத்தால் கிட்டத்தட்ட 200 கிலோ உமி வரும். அதில் பெரும்பகுதி நெல் அவிக்கும் பாய்லருக்கே எரிபொருளாகப் போகிறது. எரிந்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். புகைபோக்கியில் தூசி பிரிக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்றால் அந்தச் சாம்பல் அக்கம்பக்கத்து வீடுகளில்தான் விழும். இதோடு குப்பைக் கிடங்குத் தீ, சாலைப் புழுதி, அறுவடைக்குப் பிறகு சில இடங்களில் எரிக்கும் வைக்கோல் எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

இன்று யாரிடம் போவது?

வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காற்றை அளப்பதும், ஆலைகளுக்கு இயக்க அனுமதி தருவதும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். குப்பை அள்ளுவது, ரோடு கூட்டுவது, கட்டடக் கழிவை அகற்றுவது, தொழில் உரிமம் தருவது உள்ளாட்சி. புகார் கொடுப்பவரை இங்கே போ, அங்கே போ என்று அலையவிடுவது இந்தப் பிரிவினையால்தான்.

ரைஸ் மில் புகை, சாம்பல் என்றால் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். நகல் ஒன்றை மாநகர் நல அலுவலருக்கோ நகராட்சி ஆணையருக்கோ கொடுப்பது முக்கியம். தேதி, நேரம், காற்று அடித்த திசை, போட்டோ ஆகியவை இருந்தால் புகார் வலுவாகும். குப்பை எரிப்பு என்றால் நேராக உள்ளாட்சிதான். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் வசூலிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

புகாரில் 1939 பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் குறிப்பிடலாம். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் அது இன்னும் நடப்பில் இருக்கிறது. 2020-ல் கொரோனா நேரத்தில் மாஸ்க் போடாதவர்களிடம் 200 ரூபாய் அபராதம் வாங்கினார்களே, அது இந்தச் சட்டத்தில் திருத்தம் செய்துதான். அரசு நினைத்தால் சில வாரங்களில் தெருத்தெருவாக அமல்படுத்த முடிந்த சட்டம் இது. புகைபோக்கி பற்றிய பிரிவுக்கும் அதே வேகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை டெல்டா மக்களுக்கு உண்டு.