தாய்மொழிக்காக எழுந்தவர்



பெப்ரவரி 21ஆம் நாள் உலகத் தாய்மொழி தினம் என்பதை அறிவீர்கள். அத்தினத்திற்கு வித்திட்டவர்களுள் முதல்வரான திரேந்திரநாத் தத்தாவை அறிவீர்களா?

1886இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த இவர், கொமில்லா நகரில் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். 1947இல் பாக்கிஸ்தான் உருவானபோது இந்துக்கள் பலர் எல்லை கடந்து சென்றனர். இந்துவான தத்தாவோ பிறந்த மண்ணை விட்டகலாது, புதிய நாட்டின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார்.

அச்சபையில் உருதுவும் ஆங்கிலமுமே வழங்கவேண்டும் என விதி வகுக்கப்பட்டது. 1948 பெப்ரவரி 25இல் தத்தா எழுந்து, வங்காளத்திற்கும் அவ்விடம் வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். நாட்டு மக்கள் 6 கோடி 90 இலட்சம் பேரில் 4 கோடி 40 இலட்சம் பேரின் மொழி அதுவே எனக் கணக்குக் காட்டினார். பிரதமர் லியாகத் அலிகான் எதிர்த்தார். முஸ்லிம் நாட்டிற்கு உருதுவே உரியது என்பது அவர் வாதம். மக்களிடையே பிளவை உண்டாக்க முயல்கிறார் என்ற பழியும் தத்தாமீது விழுந்தது. திருத்தம் தோற்றது.

ஒன்றைக் கவனியுங்கள். வங்காளம் பேசியோருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. மதத்தின் பெயரால் ஒரு சாராருக்குச் சலுகை காட்டத் தொடங்கிய அரசு, அம்மதத்தவரையே மொழியால் ஒதுக்கியது.

1952 பெப்ரவரி 21இல் டாக்காவில் மொழியுரிமை கேட்ட மாணவர்கள் பொலிசாரின் குண்டுகளுக்கு இரையாகினர். 1956ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வங்காளத்தையும் அரசகரும மொழியாக ஏற்றது. ஆயினும் அதே அரசியலமைப்பு, முஸ்லிம் ஒருவரே நாட்டின் தலைவராகலாம் என்றது. மொழிக்கு நீதி கிடைத்தது. அம்மொழிக்காக முதலில் எழுந்தவருக்கோ முழுக் குடியுரிமை கிடைக்கவில்லை.

அவ்வாண்டு கிழக்குப் பாக்கிஸ்தானின் சுகாதார அமைச்சரான அவர், 1965இல் இந்தியாவுடன் போர் மூண்டபோது வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1971 மார்ச் 29ஆம் நாள் இரவு, 84 வயதான அவரையும் மகன் திலீப் குமாரையும் இராணுவத்தினர் கொமில்லா இல்லத்திலிருந்து மைனாமதி முகாமுக்குக் கொண்டு சென்றனர். இருவரும் உயிருடன் திரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே கிழக்குப் பாக்கிஸ்தான் பிரிந்து பங்களாதேஷ் ஆயிற்று. 1999இல் யுனெஸ்கோ, பெப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி தினமாகப் பிரகடனம் செய்தது.

நாட்டைப் பிளந்தது தத்தாவின் திருத்தமா, அதை மறுத்த பிடிவாதமா? நீங்களே தீர்ப்புக் கூறுங்கள். தம் மதத்தவர் சிறுபான்மையினராய் இருந்த நாட்டில், வேற்று மதத்து அயலவரின் உரிமைக்காக வாதாடி, அம்மண்ணிலேயே உயிரை விட்டவர் அவர். பிள்ளைகளுக்கு இவரது கதையைச் சொல்லுங்கள்.